மறுக்கப்பட்ட முழங்கால்

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைநாள் மாலையில், நம் பங்கு இல்லத்தின் மூன்று படிகளை ஏறிவர ஓர் அன்பர் இருமுறை நின்று இளைப்பாறினார். காலாட்படையில் இருபத்திரண்டு ஆண்டுகள் பணியாற்றி, 2019-இல் ஓய்வு பெற்றவர். கைப்பையிலிருந்து மடிப்பு விழுந்த ஒரு கடிதத்தை எடுத்து நீட்டினார். "சாமி, என் முழங்கால் வலி சர்க்கார் வலி இல்லையாம், சொந்த வலியாம்" என்றார்.

கடிதம் அவ்வாறேதான் கூறியது. ஓய்வின்போது கூடிய மருத்துவக் குழு அவருடைய மூட்டுத் தேய்மானத்தை 20 விழுக்காடு ஊனம் என்று கணித்தது; ஆனால் அது படைச் சேவையால் விளைந்ததும் அன்று, சேவையால் முற்றியதும் அன்று என முடிவு செய்து, ஊன ஓய்வூதியத்தை மறுத்துவிட்டது. ஆறு மாதங்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம் என்ற வரியும் அதே தாளின் அடியில் இருந்தது. அன்பரோ அதைப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். அரசாங்கத்தின் முத்திரை விழுந்த தாளை எதிர்த்துப் பேசலாகாது என்ற எண்ணம் நம் குடும்பங்களில் இன்னும் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. படையிலிருந்து வந்தவர்களுக்கு அது இருமடங்கு.

இத்தகைய கடிதங்கள் இறுதித் தீர்ப்புகள் அல்ல. 2013-இல் உச்ச நீதிமன்றம் தரம்வீர் சிங் என்னும் படைவீரர் வழக்கில் 1982-ஆம் ஆண்டின் உரிமை விதிகளை விரிவாக ஆராய்ந்தது. சேரும்போது ஒருவர் உடல்நலம் உடையவர் என்று ஏற்கப்பட்டு, நோய் ஏதும் ஏட்டில் குறிக்கப்படாதிருந்தால், பின்னர் தோன்றிய நோய் சேவையால் வந்ததென்றே கொள்ளவேண்டும். இல்லை என்று மெய்ப்பிக்கும் சுமை அரசைச் சார்ந்தது. ஐயத்தின் பலன் வீரருக்கே உரியது என்று அது தீர்ப்பளித்தது. நோயைச் சேரும்போது கண்டறிந்திருக்க இயலாது என்று மருத்துவர்கள் கருதினால், அதற்குரிய காரணத்தையும் எழுதவேண்டும். நம் அன்பரின் தாளில் காரணம் என்ற இடத்தில் இருந்தது அரை வரி: அமைதிப் பகுதியில் பணியாற்றியபோது தோன்றியதாம்! அமைதிப் பகுதியில் இருப்பவன் சுமை தூக்கி ஓடுவதில்லையா? அங்கும் பணியின் அழுத்தம் உண்டு என்பதைத் தீர்ப்பாயங்கள் பலமுறை ஏற்றிருக்கின்றன.

ஆயினும் வாதத்தைவிட வலியது சான்று. எனவே முதலில் நாம் செய்தது, 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் அவருடைய படைப்பிரிவின் ஆவண அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுதியதே. மருத்துவக் குழுவின் முழு நடவடிக்கைப் படிவம், சேரும்போது நடந்த பரிசோதனையின் அறிக்கை, இடையில் மருத்துவமனையில் சேர்ந்த குறிப்புகள் ஆகியவற்றின் நகல்களைக் கேட்டோம். வந்த கட்டில் அவரே மறந்துபோன ஒரு தாள் இருந்தது. 2008-இல் படைப்பிரிவு நடத்திய கைப்பந்துப் போட்டியில் வலது முழங்காலின் தசைநார் கிழிந்து, மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்திருக்கிறார். படை அதிகாரிகள் ஏற்பாடு செய்யும் விளையாட்டு, விதிகளின்படி பணியாகவே கருதப்படும். தசைநார் கிழிந்த மூட்டு சில ஆண்டுகளில் தேய்மானத்துக்கு ஆளாகக்கூடும் என்பது மருத்துவம் நன்கறிந்த செய்தி. அத்தாளைப் படித்தபோது அன்பர் நெடுநேரம் பேசவில்லை. "விளையாட்டுல அடிபட்டதைச் சொன்னா கேவலம்னு நெனைச்சேன் சாமி" என்றார் கடைசியில்.

தொகையும் அற்பமானதன்று. பழைய விதிகளின்படி ஓய்வு பெற்றவர்க்கு, நூறு விழுக்காடு ஊனத்துக்கான பங்கு கடைசி ஊதியத்தில் 30 விழுக்காடு. ஊதியம் 40,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 விழுக்காடு ஊனத்துக்கு மாதம் 2,400 ரூபாய் வரும். ஆனால் 20 முதல் 50-க்குட்பட்ட ஊனத்தை 50 எனக் கொள்ளும் முறை உண்டு. அது ஓய்வுக்காலம் முடித்து வந்தவர்க்கும் பொருந்தும் என்று 2014-இல் ராம் அவதார் வழக்கில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. அப்போது 2,400 என்பது 6,000 ஆகிறது. மருந்துக் கடையில் கணக்கு வைத்திருக்கும் குடும்பத்துக்கு இந்த வேறுபாடு விளங்கும்.

2023 செப்டம்பர் 21 முதல் புதிய விதிகள் நடைமுறைக்கு வந்துள்ளன. அதன்பின் ஓய்வு பெற்றவர்கள் தமக்குரிய விதிகளைத் தனியே கேட்டறிதல் வேண்டும். மேற்சொன்னவற்றை அப்படியே தமக்குப் பொருத்திக்கொள்ளலாகாது.

காலம் கடந்ததற்கு மன்னிப்புக் கோரும் மடலுடன் முதல் மேல்முறையீட்டை அனுப்பினோம். ஆறு மாதம் கடந்தும் விடை இல்லை. விடை வாராவிடினும் அவ்வாறு காத்திருந்த பின் படைத்துறைத் தீர்ப்பாயத்தை அணுகலாம் என்று 2007-ஆம் ஆண்டின் தீர்ப்பாயச் சட்டம் வழி செய்கிறது; அதன் அமர்வு ஒன்று சென்னையில் உள்ளது. தாமதத்தால் உரிமை முற்றிலும் அழிந்துவிடாது. 1983-இல் படையை விட்டு 1999-இல் வழக்குத் தொடுத்த தர்சேம் சிங் என்பவர்க்கு உச்ச நீதிமன்றம் 2008-இல் ஓய்வூதியத்தை மறுக்கவில்லை. நிலுவையை மட்டும், வழக்குத் தொடுப்பதற்கு முந்தைய மூன்று ஆண்டுகளுக்கெனச் சுருக்கியது. பெட்டியில் பூட்டிவைத்த ஒவ்வோர் ஆண்டும் இவ்வாறே கரைகிறது.

பேரன் பேத்தி எடுத்தபின் வந்த மூட்டு வலியையெல்லாம் படையின் தலையில் கட்ட விரும்புவோர்க்கு நாம் எழுதித் தரமாட்டோம். அவ்வாறு கேட்டு வந்த ஒருவரைத் திருப்பி அனுப்பியும் இருக்கிறோம். உண்மையான சான்று உடையவர்கள் மாவட்ட முன்னாள் படைவீரர் நல அலுவலகத்தில் முதலில் கேட்கலாம். வழக்கறிஞர்க்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்கும் கைம்பெண்கள், 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி பெண்கள் அனைவரும், வருமானம் எதுவாயினும், இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள் என்பதை அறிதல் நலம்.

நம் அன்பரின் மனு சென்ற ஆண்டு சென்னையில் எண்ணிடப்பட்டது. இம்மாதம் மறுபடியும் வாய்தா. இரவு இரயிலில் கீழ்ப்படுக்கை கிடைக்குமா என்று அவர் மனைவி நேற்று வந்து விசாரித்துப் போனார்.