மக்னீசியம் தூக்கம் தருமா?

இரவு உணவு முடிந்ததும் ஒரு மக்னீசியம் மாத்திரை, பிறகு படுக்கை என்பது இன்று பலருக்கு வழக்கமாகிவிட்டது. தேர்வு நெருங்கும் நாள்களில் தூக்கம் பிடிக்காத மாணவர்களுக்கும் இந்த யோசனை சொல்லப்படுகிறது. "மக்னீசியம் நரம்புகளை அமைதிப்படுத்தும், ஆகவே தூக்கம் வரும்" என்று காரணமும் கூறுவார்கள். இந்த வாக்கியத்தின் முற்பாதியில் நல்ல இயற்பியல் இருக்கிறது. நடுவிலுள்ள 'ஆகவே' என்ற சொல்லைத்தான் சற்று உரசிப் பார்க்க வேண்டும்.

மக்னீசியத்தை நீங்கள் பள்ளி ஆய்வுக்கூடத்தில் பார்த்திருப்பீர்கள். கண் கூசும் வெள்ளொளியுடன் எரியும் நாடா அது. நம் உடலில் இருப்பது, இரண்டு எலக்ட்ரான்களை இழந்து இரண்டு நேர்மின் அலகுகளைத் தாங்கி நிற்கும் மக்னீசிய அயனி. வளர்ந்த ஒருவரின் உடலில் சுமார் 25 கிராம் மக்னீசியம் உண்டு. அதில் பாதிக்கு மேல் எலும்புகளில் இருக்கிறது. எஞ்சியதில் பெரும்பகுதி தசை முதலிய செல்களின் உள்ளே. இரத்த நீரில் இருப்பது நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

இனி ஒரு நரம்புச் செல்லுக்குள் செல்வோம். ஓய்வாக இருக்கும் நரம்புச் செல்லின் உட்புறம் வெளிப்புறத்தைவிட ஏறத்தாழ 70 மில்லிவோல்ட் எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும். கை விளக்கின் மின்கலத்தோடு ஒப்பிட்டால் இது மிக அற்பமான அழுத்தம். ஆனால் செல்லின் சவ்வு எவ்வளவு தடிமன்? ஏறத்தாழ 5 நானோமீட்டர்தான். அழுத்தத்தைத் தடிமனால் வகுத்துப் பாருங்கள். மீட்டருக்கு 1 கோடியே 40 லட்சம் வோல்ட் என்று விடை வரும்! காற்றில் மின்பொறி பறக்க மீட்டருக்கு 30 லட்சம் வோல்ட் போதும். உங்கள் மூளையின் ஒவ்வொரு செல்லும் அதைவிடப் பலமான மின்புலத்தைத் தன் மெல்லிய சவ்வுக்குள் அடக்கி வைத்திருக்கிறது.

இந்தச் சவ்வில் அயனிகள் புகுந்து செல்லச் சிறு துளைகள் உண்டு. அவற்றுள் ஒரு வகைக்கு என்.எம்.டி.ஏ. ஏற்பி என்று பெயர். பக்கத்து நரம்புச் செல் வெளியிடும் குளுட்டமேட் என்னும் பொருள் வந்து படிந்தால் இந்தத் துளை திறக்கும். திறந்தாலும் பயனில்லை, வாயிலில் ஒரு மக்னீசிய அயனி அடைத்துக்கொண்டு நிற்கும். கோலி சோடாவை நினைத்துக்கொள்ளுங்கள். புட்டியின் வாயில் கோலிக்குண்டை இறுக்கிப் பிடித்திருப்பது உள்ளேயிருக்கும் வாயுவின் அழுத்தம். இங்கே அந்த வேலையைச் செய்வது மின்புலம். செல்லின் எதிர்மின் உட்புறம், வெளியிலிருக்கும் மக்னீசிய அயனியைத் துளைக்குள் இழுத்துச் செருகிவிடுகிறது. இரட்டை மின்சுமை உள்ள அயனிக்கு 70 மில்லிவோல்ட்டில் கிடைக்கும் ஆற்றல், உடல் வெப்பத்தால் ஏற்படும் அசைவின் ஆற்றலைப் போல் ஏறத்தாழ ஐந்து மடங்கு. எளிதில் நழுவ முடியாது.

அப்படியானால் அது துளை வழியே உள்ளே போய்விட வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். கால்சியம் அயனி அப்படித்தான் போகிறது. அது மக்னீசியத்தைவிடப் பெரியதும்கூட! வேடிக்கை என்னவென்றால், மக்னீசிய அயனி சிறியதாக இருப்பதால்தான் மாட்டிக்கொள்கிறது. சிறிய கோளத்தில் அதே இரட்டை மின்சுமை நெருங்கி இருப்பதால், அது தன்னைச் சுற்றி ஆறு நீர் மூலக்கூறுகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. கால்சியம் தன் நீர்ப் போர்வையைச் சட்டென்று உதறிவிட்டுக் குறுகிய வழியில் நுழைந்துவிடும். மக்னீசியத்தால் அது இயலாது.

வேறொரு வழியாகத் தூண்டுதல் பெற்றுச் செல் ஏற்கெனவே விழித்திருந்தால், உட்புறத்தின் எதிர்மின் அழுத்தம் குறையும், மின்புலம் தளரும், அடைப்பு விலகும், கால்சியம் உள்ளே பாயும். இரண்டு செய்திகள் ஒரே நேரத்தில் வந்தால்தான் கதவு திறக்கும் என்ற இந்த ஏற்பாடு, நாம் கற்பதற்கும் நினைவில் கொள்வதற்கும் அடிப்படைகளில் ஒன்று. 1984ஆம் ஆண்டில் பாரிஸில் பிலிப் ஆஷர் குழுவினரும், அமெரிக்காவில் மேயர், வெஸ்ட்புரூக் ஆகியோரும் தனித்தனியே இதனைக் கண்டறிந்தார்கள்.

மக்னீசியம் நரம்பின் படபடப்பை அடக்குகிறது என்பது இவ்வாறு உண்மையே. இன்னொரு கண்டுபிடிப்பும் இதற்கு வலுச் சேர்க்கிறது. எலிகளின் மூளையில் செல்களுக்கு இடையிலுள்ள திரவத்தை ஆராய்ந்தவர்கள், விலங்கு தூங்கும்போது அங்கே மக்னீசியமும் கால்சியமும் கூடுவதையும் பொட்டாசியம் குறைவதையும் கண்டு 2016இல் அறிவித்தார்கள். அப்படியிருக்க, வெளியிலிருந்து மக்னீசியத்தைக் கூட்டினால் தூக்கம் வரத்தானே வேண்டும்?

இதை மனிதரிடமே சோதித்துப் பார்த்த வரலாறு உண்டு. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் நியூயார்க்கில் மெல்ட்சர், அவுவர் என்ற இரு ஆய்வாளர்கள் மக்னீசிய உப்பை விலங்குகளுக்கு ஊசி வழியே செலுத்தினார்கள். அவை அசைவற்றுக் கிடந்தன. இது மயக்கம்தான் என்று அவர்கள் கருதினார்கள். 1916இல் மனிதருக்கும் இம்முறையில் மயக்கம் கொடுத்து அறுவை செய்ததாக அறிக்கை வெளிவந்தது. ஐம்பது ஆண்டுகள் கழித்து, 1966இல், சோம்ஜென் குழுவினர் தாமாக முன்வந்தவர்களின் இரத்தத்தில் மக்னீசிய சல்பேட்டை மிகுந்த அளவில் செலுத்திப் பார்த்தார்கள். தசைகள் செயலற்றுப் போயின. ஆனால் அவர்கள் உணர்வோடு விழித்தே இருந்தார்கள்! மக்னீசியம் அடக்கியது மூளையை அல்ல. நரம்பு தசையோடு சேரும் இடத்தை. முன்பு மயக்கம் என்று எண்ணியது பெரும்பாலும் அசைய முடியாமையே. நோயாளி ஒருவர் விழித்தபடியே கத்தியின் வலியைத் தாங்கிக் கிடந்திருக்கக்கூடும் என்று நினைத்தால் உடல் நடுங்குகிறது.

ஏன் மூளைக்கு எட்டவில்லை? மூளையின் இரத்தக் குழாய்ச் சுவர்கள் இறுக்கமானவை. மூளையைச் சூழ்ந்த திரவத்தின் மக்னீசிய அளவை உடல் தனியே பேணுகிறது. இரத்தத்தில் அளவு பல மடங்கு ஏறினாலும் அங்கே சிறிதளவே ஏறும். ஊசி வழியே கொட்டியதற்கே இந்த நிலை என்றால் மாத்திரையின் கதி என்ன? விழுங்கியதில் ஒரு பகுதி மட்டுமே குடல் வழியே இரத்தத்தைச் சேரும். அதிலும் மிகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும்.

ஆனாலும் கொள்கையை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லிவிடக்கூடாது. அளந்து பார்க்க வேண்டும். ஈரானில் தூக்கமின்மையால் வருந்திய 46 முதியவர்களில் ஒரு பாதியினருக்கு நாள்தோறும் 500 மில்லிகிராம் மக்னீசியமும், மறு பாதியினருக்கு அதே தோற்றமுள்ள வெற்று மாத்திரையும் 8 வாரங்கள் கொடுத்துப் பார்த்தார்கள். மக்னீசியம் உண்டவர்கள் சற்று விரைவில் உறங்கினார்கள் என்று 2012இல் முடிவு வெளியாயிற்று. இதையும் இதுபோன்ற வேறு இரண்டு ஆய்வுகளையும் சேர்த்து, மொத்தம் 151 முதியவர்களின் அளவீடுகளை 2021இல் தொகுத்தார்கள். உறக்கம் பிடிக்க ஆகும் நேரம் சராசரியாக 17 நிமிடம் குறைந்தது. மொத்தத் தூக்கம் 16 நிமிடம் கூடியதாகத் தெரிந்தாலும், அது தற்செயலாகவும் இருக்கலாம் என்ற எல்லைக்குள்ளேயே இருந்தது. சான்றுகள் தரம் குறைந்தவை என்று தொகுத்தவர்களே எழுதியிருக்கிறார்கள். முதியவர்களிடம் மக்னீசியக் குறைபாடு ஏற்பட வாய்ப்பு மிகுதி. அவர்களுக்குக் கிடைத்த பலன் உங்கள் வயதினருக்கும் கிடைக்கும் என்று இதிலிருந்து சொல்ல முடியாது.

வெற்று மாத்திரை எதற்கு? நாள்தோறும் ஒரே நேரத்தில் மாத்திரை போட்டு, கைப்பேசியை வைத்துவிட்டு, விளக்கை அணைத்துப் படுப்பவர், மாத்திரை இல்லாமலும் முன்னைவிட நன்றாகத் தூங்கக்கூடும். எது எதனால் என்று பிரித்தறிய, மற்றவையெல்லாம் ஒன்றாக இருந்து மக்னீசியம் மட்டும் மாற வேண்டும். ஊசல் பரிசோதனையில் நீளத்தை மட்டும் மாற்றி, வேறெதையும் மாற்றாமல் வைக்கிறோமே, அதே முறைதான்.

மாத்திரை வாங்கியவர்கள் வீட்டில் இருந்தால் அதன் அட்டையை எடுத்துக் கணக்குப் போட்டுப் பாருங்கள். மக்னீசியம் ஆக்சைடின் மூலக்கூறு எடை 40. அதில் மக்னீசியம் 24. ஆகவே 500 மில்லிகிராம் ஆக்சைடில் 300 மில்லிகிராம் மக்னீசியம் உண்டு. கிளைசினேட் என்ற வகையின் மூலக்கூறு எடை ஏறத்தாழ 172. எனவே 500 மில்லிகிராமில் சுமார் 70 மில்லிகிராம்தான். அட்டையில் உள்ள எண் எதைக் குறிக்கிறது, சேர்மத்தையா தனிமத்தையா என்று பலர் பார்ப்பதே இல்லை. ஆக்சைடில் மக்னீசியம் மிகுதி என்றாலும் அது நன்றாகக் கரைவதில்லை. குடலிலேயே தங்கி நீரை இழுத்து வயிற்றுப்போக்கை உண்டாக்கும். மலச்சிக்கலுக்கு மக்னீசியம் ஹைட்ராக்சைடு கொடுப்பதன் தத்துவமும் இதுதான்.

வீட்டிலுள்ள தாத்தா பாட்டிக்குச் சிறுநீரகக் கோளாறு இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் இம்மாத்திரையைக் கொடுக்கவே கூடாது. வெளியேற்றும் வழி அடைபட்டால் மக்னீசியம் இரத்தத்தில் சேர்ந்துகொண்டே போகும். கர்ப்பகால வலிப்பைத் தடுக்க மக்னீசிய சல்பேட் ஊசி உலகெங்கும் பயன்படும் அருமருந்து. அதைக் கொடுக்கும்போது மருத்துவர் அடிக்கடி முழங்காலைத் தட்டிப் பார்ப்பார். கால் துள்ளுவது நின்றால் அளவு மிஞ்சுகிறது என்று பொருள். அதற்கும் மேலே போனால் மூச்சே நின்றுவிடும்.

மக்னீசியம் உடலுக்குத் தேவையில்லையோ என்று எண்ணிவிடாதீர்கள். உங்கள் வயதில் நாளொன்றுக்கு 300 முதல் 450 மில்லிகிராம் வரை தேவை. 100 கிராம் கேழ்வரகில் ஏறத்தாழ 140 மில்லிகிராம் இருக்கிறது. வேர்க்கடலையிலும் எள்ளிலும் அதைவிடக் கூடுதல். கீரையின் பச்சையத்தில் ஒவ்வொரு மூலக்கூறின் நடுவிலும் ஒரு மக்னீசிய அணு அமர்ந்திருக்கிறது. வெள்ளையாகத் தீட்டிய அரிசியில் மட்டும், தீட்டாத அரிசியில் உள்ளதில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சுவதில்லை. மற்றதெல்லாம் தவிட்டோடு மாட்டுத் தொட்டிக்குப் போய்விடுகிறது.