பத்திரம் பார்த்தாச்சு... மண்ணைப் பார்த்தீங்களா? திருவள்ளூர் - கும்மிடிப்பூண்டி பக்கம் மனை வாங்குவோர் கவனத்துக்கு!

சனி, ஞாயிறு வந்தால் போதும். சென்னையிலிருந்து வடக்கே போகும் ஜி.என்.டி சாலையில் 'இலவச சைட் விசிட்' வேன்களைப் பார்க்கலாம். ஸ்டேஷன் எவ்வளவு தூரம், சிப்காட்டுக்கு எத்தனை நிமிடம், பேங்க் லோன் கிடைக்குமா... எல்லாவற்றுக்கும் வேனிலேயே பதில் கிடைத்துவிடும்.

வில்லங்கச் சான்றிதழை வக்கீலிடம் காட்டி, பட்டாவைச் சரிபார்த்து, நகையை அடகு வைத்து அட்வான்ஸ் கொடுக்கும் குடும்பங்கள்கூட ஒரு கேள்வியைக் கேட்க மறந்துவிடுகின்றன. 'இது என்ன மண்? அடியில் இருப்பது என்ன தண்ணீர்?'

மற்ற ஊர்களைவிட இந்தப் பகுதியில் அந்தக் கேள்வி ஏன் முக்கியம் என்பதற்கு மீஞ்சூரே சாட்சி.

மீஞ்சூருக்கு வந்த கடல்

கும்மிடிப்பூண்டி மின்சார ரயிலில் போகிறவர்களுக்கு மீஞ்சூர் தெரியாமல் இருக்காது. ரயிலில் இருந்து பார்த்தால் கடல் கண்ணில் படாது. ஆரணியாறும் கொசஸ்தலையாறும் கொண்டுவந்து சேர்த்த மணலும் வண்டலும் நிறைந்த பூமி இது. தோண்டினால் நல்ல தண்ணீர்.

அந்தத் தண்ணீரை விவசாயத்துக்கும், சென்னை நகரத்துக்கும், மணலி தொழிற்சாலைகளுக்கும் இறைத்துக்கொண்டே இருந்தார்கள். விளைவு, கடல் நீர் நிலத்தடியில் உள்ளே வரத் தொடங்கியது. 1969-ல் சுமார் 3 கிலோமீட்டர் தூரம் வந்திருந்த உப்பு நீர், 1983-ல் சுமார் 9 கிலோமீட்டரைத் தொட்டது.

காரணம் எளிது. நிலத்தடியில் இருக்கும் நல்ல தண்ணீரின் அழுத்தம்தான் கடலைத் தள்ளி நிறுத்துகிறது. மழையில் ஊறுவதைவிட அதிகமாக இறைத்தால் அந்த அழுத்தம் குறையும். அந்த இடத்தைக் கடல் பிடித்துக்கொள்ளும். சென்னைப் பெருநகரப் பகுதியில் நிலத்தடி நீர் எடுப்பதைக் கட்டுப்படுத்த 1987-ல் தனிச் சட்டமே வந்தது. 2010-ல், மீஞ்சூரை அடுத்த காட்டுப்பள்ளியில் கடல் நீரிலிருந்து தினமும் 10 கோடி லிட்டர் குடிநீர் தயாரிக்கும் ஆலை திறக்கப்பட்டது.

உப்பு வீட்டை என்ன செய்யும்?

குடிக்க முடியாது என்பதோடு முடிந்துவிடுவதில்லை. உப்பில் உள்ள குளோரைடு, கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துருப்பிடித்த கம்பி பருத்து, கான்கிரீட்டைப் பிளக்கும். கடன் முடிவதற்குள் கூரை பெயர்ந்து விழ ஆரம்பிக்கும்.

கம்பி போட்ட கான்கிரீட் கலக்கும் தண்ணீரில், லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல் குளோரைடு இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தரவிதி ஐ.எஸ் 456. எனவே, மனைக்குப் பக்கத்து வீட்டு போர்வெல் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து லேபில் கொடுத்துப் பாருங்கள். அங்கே குடியிருப்பவர்களிடம், "மே மாசத்துல தண்ணி எப்படிம்மா இருக்கும்?" என்று கேட்பதையும் விடாதீர்கள்.

மேலே செம்மண்... கீழே?

திருவள்ளூர் மாவட்டத்தில் எல்லா இடத்திலும் ஒரே மண் கிடையாது. பழவேற்காடு பக்கம் கடல் மணல், ஆறுகளை ஒட்டி வண்டலும் களியும், திருத்தணி பக்கம் செம்மண். ஆனால், லேஅவுட் போட்ட பிறகு எல்லா மனையும் ஒரே மாதிரி செக்கச்செவேல் என்று தெரியும். அது லாரியில் வந்து கொட்டிய கிராவலாக இருக்கலாம்!

உரிமையாளரிடம் அனுமதி வாங்கி, மூன்று, நான்கு அடி தோண்டிப் பாருங்கள். உள்ளே கட்டட இடிபாடோ, பிளாஸ்டிக்கோ வந்தால் அது பள்ளத்தை நிரப்பிய இடம். ஈர மண்ணை உருட்டினால் கயிறு மாதிரி திரிந்து வருகிறதா? களிமண். மழையில் உப்பி, கோடையில் சுருங்கி வெடிக்கும். சுவரிலும் விரிசல் விடும். அதற்கேற்ற அஸ்திவாரத்தைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும்.

அவர் மண் பரிசோதனை கேட்டால் செலவு என்று தயங்காதீர்கள். துளை போட்டு, 63.5 கிலோ எடையை 75 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து மீண்டும் மீண்டும் விழவிட்டு, குழாய் 30 சென்டிமீட்டர் இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவார்கள். மண் எவ்வளவு பாரம் தாங்கும் என்பதைக் கணக்கிட அந்த எண் உதவும்.

சர்வே எண்ணை வைத்து, அரசின் நில ஆவண இணையதளத்தில் 'அ' பதிவேட்டையும் பாருங்கள். ஏரி, குட்டை, வாய்க்கால் என்று பதிவாகியிருந்தால் ஒதுங்கிவிடுங்கள். ஊர்ப் பெயரில் 'தாங்கல்', 'ஏரி', 'மடு' இருந்தால், மழைக்காலத்தில் ஒருமுறை நேரில் போய்ப் பார்ப்பது நல்லது.

தோட்டம் போடணுமா?

செடிக்கு மண் எடுக்கும்போது மேலே கிடக்கும் சருகை விலக்கி, 'வி' வடிவில் 15 சென்டிமீட்டர் ஆழம் வெட்டி, பக்கவாட்டு மண்ணைச் சுரண்டி எடுக்க வேண்டும். நாலைந்து இடங்களில் எடுத்துக் கலந்து, அரை கிலோ போதும். வேளாண் துறையின் மண் பரிசோதனை நிலையத்தில் கொடுக்கலாம். திருவள்ளூர் அருகே திரூரில் உள்ள வேளாண் அறிவியல் நிலையத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

மண்ணில் உப்பு அதிகம் என்று வந்தால், உடனே ஜிப்சம் மூட்டை வாங்க ஓட வேண்டாம். ஜிப்சம் களர் நிலத்துக்கு. உவர் நிலத்துக்கு வடிகால் அமைத்து, நல்ல தண்ணீர் விட்டு உப்பைக் கழுவி இறக்க வேண்டும்.

தொழிற்சாலைகளை ஒட்டி மனை வாங்கியவர்களுக்கு இன்னொரு விஷயம். வழக்கமான மண் பரிசோதனை உப்பு, உரச்சத்து, கார அமிலத் தன்மையைத்தான் சொல்லும். காரீயம் போன்ற கன உலோகங்களைத் தனியாகக் கேட்டுச் சோதிக்க வேண்டும். குழந்தைகளுக்குக் கீரை போடும் பாத்தி என்றால் இது ரொம்பவே அவசியம். முடிவு வரும்வரை தொட்டியில், வேறு இடத்து நல்ல மண்ணில் கீரை வளர்க்கலாம்.

அடுத்த ஞாயிறு சைட் விசிட் கிளம்புகிறீர்களா? பத்திர நகலோடு, ஒரு மண்வெட்டியையும் காலி பாட்டிலையும் எடுத்துக்கொள்ளுங்கள். 20 வருஷம் இ.எம்.ஐ கட்டப்போகிற நிலத்துக்காக, அரை மணி நேரம் குழி தோண்டுவது பெரிய வேலை இல்லை!