பாலிசி மீது கடன்: வட்டியை மறந்தால் நாமினிக்கு மிஞ்சுவது என்ன?

கண் ஆபரேஷன், கூரை ரிப்பேர், பேத்தி காதுகுத்து... 60 வயதை தாண்டியவருக்கு பேங்க்கில் கடன் கிடைப்பது குதிரைக்கொம்பு. அப்போது பீரோவில் கிடக்கும் எல்.ஐ.சி. பாண்டு கை கொடுக்கும். ஜாமீன் ஆள் தேடி அலைய வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்?

காப்பீட்டு தொகையை வைத்து கடன் தருவதில்லை. இன்றைக்கு பாலிசியை முடித்தால் என்ன கிடைக்குமோ, அந்த சரண்டர் தொகைதான் கணக்கு. பிரிமியம் பாக்கி இல்லாத பாலிசிக்கு அதில் பொதுவாக 90 சதவீதம் வரை கிடைக்கும். சேமிப்பு இல்லாத டேர்ம் பாலிசிக்கு கடன் கிடையாது.

வட்டி குட்டி போடும்

வட்டியை 6 மாதத்துக்கு ஒரு முறை கட்ட வேண்டும். அசலுக்கு அவசரம் இல்லை. 'நம்ம பணம்தானே, எதுக்கு வட்டி?' என்று சும்மா இருந்தால் ஆபத்து. கட்டாத வட்டி அசலோடு சேர்ந்து விடும். 10 சதவீத வட்டி என்று வைத்துக் கொண்டால், 90 ஆயிரம் ரூபாய் கடன் 5 ஆண்டில் 1 லட்சத்து 46 ஆயிரத்தை தாண்டும்.

கடன் வாங்கியவர் இறந்து விட்டால் அசல், வட்டி எல்லாம் கழித்து மீதிதான் நாமினிக்கு வரும். பிரிமியத்தையும் பாதியில் நிறுத்திய பாலிசி என்றால், கடன் சரண்டர் தொகையை தாண்டும்போது நோட்டீஸ் விட்டு பாலிசியையே முடித்து விடலாம்.

ஆகவே தேவைக்கு மட்டும் வாங்குங்க. வட்டி தேதியை காலண்டரில் குறிச்சு வையுங்க. கடன் இருக்கும் விஷயத்தை வீட்டில் கட்டாயம் சொல்லிடுங்க.