ஜவ்வாது மலையில் இடதுசாரி அரசியல்: நிலவுரிமையும் கூலியுழைப்பும்

2015 ஏப்ரல் 7 அன்று ஆந்திரத்தின் சேஷாசலம் வனப்பகுதியில், செம்மரம் வெட்ட வந்தவர்கள் எனக் கூறி இருபது தமிழ்த் தொழிலாளர்களைக் காவல்துறை சுட்டுக் கொன்றது. ஜவ்வாது மலையின் மலையாளிப் பழங்குடியினரும் அவர்களுள் இருந்தனர். (பெயர் ஒப்புமையால் இம்மக்களைக் கேரளத்தவராகக் கருதும் பிழை இன்றும் நிகழ்கிறது.) இடதுசாரிக் கட்சிகள் நீதி விசாரணை கோரின. எனினும், அவற்றின் பழங்குடி அரசியலில் உள்ள ஓர் இடைவெளியையும் இந்நிகழ்வு புலப்படுத்தியது என்பது இக்கட்டுரையின் கருத்து.

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம் மலைமக்களின் வாழிடங்களைக் காப்புக்காடுகளாக வரையறுக்க வழிவகுத்தது. விடுதலைக்குப் பின்னரும் அச்சட்டம் பெயர் மாறி நீடிக்கிறது. எனவே பழங்குடி அரசியலின் முதற்கோரிக்கை நிலமாக அமைந்தது இயல்பே. மலையடிவாரத்துத் திருப்பத்தூர், தருமபுரி வட்டாரங்களில் கந்துவட்டியை எதிர்த்து வளர்ந்த நக்சல்பாரி இயக்கம், 1980இல் காவல்துறையின் கடும் நடவடிக்கையால் ஒடுக்கப்பட்டது. அதன்பின் எஞ்சியது சட்டவழி. 1992இல் சித்தேரி மலையடிவாரத்து வாச்சாத்தியில் நிகழ்ந்த வன்கொடுமைக்கு எதிராக மார்க்சிஸ்ட் கட்சியும் மலைவாழ் மக்கள் சங்கமும் நடத்திய போராட்டம், 2011இல் உயிருடனிருந்த 215 அரசு ஊழியர்களும் தண்டனை பெறுவதில் முடிந்தது.

இவ்வழியின் உச்சம் 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம். 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்தே பழங்குடியினர் பயன்படுத்திவரும் வனநிலத்தில், நான்கு ஹெக்டேர் வரை உரிமை கோர அது இடமளிக்கிறது. ஆயின் 2008இல் சென்னை உயர்நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால ஆணையால், 2016 வரை தமிழகத்தில் உரிமைப் பட்டா வழங்கல் முடங்கியது. சேஷாசலம் கொலைகள் இவ்விடைக்காலத்தில் நிகழ்ந்தவை. இரண்டிற்கும் நேரடிக் காரணகாரியத் தொடர்பு கற்பித்தல் மிகை. ஆனால் காலப் பொருத்தம் புறக்கணிக்கத்தக்கதன்று. மானாவாரிச் சாமையை நம்பிய குடும்பத்திற்குத் தரகரின் முன்பணமே கைக்கெட்டிய வருவாயாக இருந்தது.

இங்குதான் இடதுசாரிகளின் நிலமையப் பார்வை போதாமற் போகிறது. அப்பார்வை மலைமகனை உழவனாகக் காண்கிறது. செம்மரக் காட்டில் அவன் கூலி. அவன் செய்யும் வேலையே குற்றமாதலின், தொழிற்சங்கம் அவனுக்காகக் கூலி பேச இயலாது; மாநிலம் விட்டு மாநிலம் பெயரும் தொழிலாளர் சட்டத்தின் பதிவேட்டிலும் அவன் பெயர் ஏறாது. வெட்டுபவனைக் கடத்தல்காரனாக நிறுத்தும் வழக்குகளில், முன்பணம் தந்தவர் காட்சிக்கு வருவதும் அரிது. முன்பணத்தால் பிணைக்கப்பட்ட உழைப்பு என்ற வகையில், 1976ஆம் ஆண்டின் கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டத்தின்கீழ் இச்சிக்கலை எழுப்புவதே பொருத்தமெனத் தோன்றுகிறது. அப்போது விசாரணை வெட்டியவனிடமிருந்து தரகரை நோக்கித் திரும்பும்.