அம்மை முகமும் பெருவியாதி முகமும்

பாளையங்கோட்டையில் வயதானவர்கள் கூடும் இடத்தில், இன்றும் ஒன்றிரண்டு முகங்களில் பெரியம்மைத் தழும்பு கண்ணில் படும். கன்னம், மூக்கு, நெற்றி எங்கும் குழிகுழியாக இருக்கும். அவர்கள் பிள்ளைகளாக இருந்த காலத்தில் அந்த நோய் வந்த பத்துப் பேரில் சுமார் மூன்று பேர் பிழைக்கவில்லை. வாசலில் வேப்பிலை செருகியிருக்கும். அடுப்படியில் தாளிப்பு நின்றுவிடும். "அம்மா முத்துப் போட்டிருக்கா" என்று குரலைத் தாழ்த்திச் சொல்வார்கள். முத்து இறங்கி, தலைக்குத் தண்ணீர் ஊற்றி எழுந்து வரும் பிள்ளைக்குப் பழைய முகம் இருக்காது. சிலருக்குக் கண்ணும் போயிருக்கும். பெண் பிள்ளை என்றால் வரன் பார்க்கிற நேரத்தில் தழும்பைப் பற்றிப் பேச்சு எழத்தான் செய்தது. ஆனாலும் அந்த முகத்தோடு பள்ளிக்கூடம் போனார்கள், கடை வைத்தார்கள், முத்தாரம்மன் கொடையில் முன்வரிசையில் நின்றார்கள். அம்மன் வந்துபோன முகம் என்று ஊர் அதை ஏற்றுக்கொண்டது.

அதே தெருக்களில் இன்னொரு முகமும் இருந்தது. புருவம் உதிர்ந்து, காது மடல் தடித்து, மூக்குத் தண்டு உள்ளே அமிழ்ந்த முகம். தொழுநோய் ஆளைக் கொல்வது அரிது. எளிதில் ஒட்டுவதும் இல்லை. பெரும்பாலானவர்களின் உடம்பு அந்தக் கிருமியைத் தானாகவே எதிர்த்து நிற்கும். இருந்தும் ஊர் 'பெருவியாதி' என்றது இதைத்தான். இந்த முகம் கொண்டவருக்குத் திண்ணை கிடையாது, கடையில் குவளை கிடையாது, பந்தியில் இலை கிடையாது.

உயிரை எடுக்கும் நோயின் தழும்பை ஏற்ற ஊர், உயிரை விட்டுவைக்கும் நோயின் தழும்பை ஏன் ஏற்கவில்லை? நோயின் கடுமை இதைத் தீர்மானிக்கவில்லை என்றே நினைக்கிறேன். அந்த முகத்துக்கு ஊர் என்ன கதை சொன்னது என்பதுதான் தீர்மானித்தது. ஒன்றுக்குத் தெய்வத்தின் கதை, மற்றதற்குப் பாவத்தின் கதை. 1954-இல் வந்த 'இரத்தக்கண்ணீர்' அந்தப் பாவக் கதையைத் தமிழ்நாடு முழுக்கக் கொண்டுபோனது. எம்.ஆர். ராதாவின் நடிப்பை வியக்காதவர் இல்லை, நானும் வியக்கிறேன். ஆனால் திமிர் பிடித்துத் திரிந்தவனுக்குக் கிடைத்த தண்டனையாக அந்தப் படம் தொழுநோய் முகத்தைக் காட்டியது. ஒரு தலைமுறை அதைப் பார்த்துப் பழகியது. எந்தத் தப்பும் செய்யாத ஒரு நெசவாளியோ ஒரு பள்ளிப் பிள்ளையோ அந்தத் தீர்ப்பைத் தன் முகத்தில் சுமக்க வேண்டியிருந்தது.

பாளையங்கோட்டை இரக்கம் இல்லாத ஊர் அல்ல. காது கேளாதவர்களுக்கு ஃபிளாரன்ஸ் ஸ்வெய்ன்சன் தொடங்கிய பள்ளியும் பார்வையற்றோர் பள்ளியும் 19-ஆம் நூற்றாண்டிலேயே இங்கே வந்துவிட்டன. அவை ஊருக்குள்ளே இருந்தன. தொழுநோயாளிகளுக்கான மருத்துவமனையோ தொலைவில், சாயர்புரம் பக்கத்துப் பேய்க்குளத்தில் இருந்தது. அன்றைய சட்டமும் அப்படித்தான். கையில் காசில்லாத தொழுநோயாளியைப் பிடித்து அடைத்துவைக்க 1898-ஆம் ஆண்டுச் சட்டம் அதிகாரம் கொடுத்தது.

முகத்துக்கு என்ன நடக்கிறது என்பதை மருத்துவம் பிறகு விளக்கியது. இந்தக் கிருமிக்கு உடம்பின் குளிர்ந்த பகுதிகளே தோது. அதனால்தான் மூக்கு, காது மடல், புருவம். முக நரம்பு பாதிக்கப்பட்டால் இமை மூடாது. சதை அழுகி விழுகிறது என்று ஊர் நம்பியதற்கு மாறாக, உணர்ச்சி அற்ற கைகால்களில் படும் காயங்களே விரல்களைக் கொண்டுபோகின்றன என்று காட்டியவர் அறுவை மருத்துவர் பால் பிராண்ட். 1914-இல் கொல்லிமலையில் பிறந்த அவர், 1946-இல் வேலூருக்கு வந்தார். மடங்கிப்போன விரல்களைத் தசைநாண் மாற்றி நிமிர்த்தினார். கை சரியானவர்களுக்கும் முகத்தைப் பார்த்து வேலை மறுக்கப்பட்டதால், மூக்கையும் புருவத்தையும் சீராக்குவதும் சிகிச்சையின் பகுதியாயிற்று. தலையிலிருந்து முடியுள்ள தோலை ரத்தக்குழாயோடு இறக்கிப் புருவமாக வைப்பார்கள். அது தலைமுடி போலவே நீளமாக வளரும். அவ்வப்போது கத்தரிக்க வேண்டும். சிலர் கத்தரிக்க மனமில்லாமல் ஆசையோடு வளர விட்டார்களாம். எத்தனையோ மருத்துவச் செய்திகளைப் படித்திருந்தாலும் என் மனதை விட்டு அகலாதது அந்தப் புருவம்தான்.

அதற்குப் பிறகு காலம் வேகமாக ஓடியது. 1975-க்குப் பின் இந்தியாவில் பெரியம்மை இல்லை. 1982-இல் உலக சுகாதார நிறுவனம் தொழுநோய்க்குக் கூட்டு மருந்தைப் பரிந்துரைத்தது. இப்போது ஆறு மாதம், கூடினால் பன்னிரண்டு மாதம் மாத்திரை, அவ்வளவுதான். 1983-இல் நாட்டில் பத்தாயிரம் பேருக்கு 57.8 என்றிருந்த அளவு, 2005 முடிவில் ஒன்றுக்கும் கீழே இறங்கியது.

நோய் குறைந்தது, முகம் நின்றது. பாளை பஸ் நிலையத்திலிருந்து ஜங்ஷன் போகும் டவுன் பஸ்ஸில் ஒரு பெரியவரைப் பார்த்தேன். இடது கண் மூடவில்லை. தூசி பட்டுப் பட்டு நீர் வழிந்தது. துண்டின் நுனியால் ஒற்றிக்கொண்டே இருந்தார். முருகன்குறிச்சியில் கூட்டம் ஏறியது, வண்ணார்பேட்டையில் நெரிந்தது. அவர் பக்கத்து இருக்கை மட்டும் ஆற்றுப் பாலம் தாண்டும் வரை காலியாகவே இருந்தது. மாத்திரை தின்று முடித்து எத்தனை வருஷமோ! கேட்டதற்குச் சிரித்தார். "சுகமாயிட்டுன்னு சீட்டு குடுத்துட்டாவ. அத மூஞ்சில ஒட்டிக்கிட்டா அலைய முடியும், அண்ணாச்சி?"

இன்று உயிரை எடுக்கும் நோயாகப் பெரியம்மையின் இடத்தில் புற்றுநோய் நிற்கிறது. ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு வாய்ப்புற்றோடு வருபவர்களைக் கவனித்திருக்கிறேன். வெற்றிலை, புகையிலைப் பழக்கத்தில் வந்தது என்று தெரிந்தும் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் சாத்துக்குடியுமாக வந்து நிற்கிறார்கள். கையைப் பிடித்து அழுகிறார்கள். அது நல்ல குணம், இந்த மண்ணின் குணம். ஆனால் தாடை எலும்பை எடுத்து, நெஞ்சுச் சதையைக் கன்னத்தில் வைத்துத் தைத்து, அந்த மனிதர் உயிரோடு வீடு திரும்பியதும் வரத்து குறைந்துவிடுகிறது. கல்யாண வீட்டில் "நீங்க எதுக்கு அலையணும், ரெஸ்ட் எடுங்க" என்கிறார்கள். நோயாளியாக இருந்தவரை அவர் ஊருக்குச் சொந்தம். குணமாகி வேறு முகத்தோடு வந்தபின் விருந்தாளி கூட இல்லை. விழுங்கவும் பேசவும் பயிற்சி கொடுக்க ஆள் உண்டு. முதல் நாள் தெருவில் இறங்குகிறவருக்குத் துணை நிற்க ஆள் இல்லை. இந்தக் குறையை நாம் இன்னும் சிகிச்சைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

சட்டம் தாமதமாகத்தான் விழித்தது. 1898-ஆம் ஆண்டுச் சட்டத்தை 2016-இல்தான் நீக்கினார்கள். தொழுநோயைக் காட்டி விவாகரத்து கேட்கும் வழி 2019-இல் அடைபட்டது. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் தொழுநோயிலிருந்து குணமானவர்களும் அமில வீச்சுக்கு ஆளானவர்களும் இடம்பெற்றார்கள். பிறவியிலேயே கன்னம் முழுக்கச் செம்மறு உள்ளவருக்கோ கட்டியால் முகம் கோணியவருக்கோ அதில் தனி வகை இல்லை. கையும் காலும் நன்றாக இருக்கிறதே என்பது நியாயமாகத் தோன்றலாம். நேர்காணலில் உட்கார்ந்து பார்த்தவர்களுக்கு அது நியாயம் இல்லை என்று தெரியும்.

இந்தியாவில் இன்னும் ஆண்டுதோறும் சுமார் ஒரு லட்சம் பேருக்குப் புதிதாகத் தொழுநோய் கண்டுபிடிக்கப்படுகிறது. தொட்டால் உணர்ச்சி இல்லாத வெளிறிய தேமலோடு வீட்டுக்குள் ஒளிந்திருப்பவர்கள் பயப்படுவது மாத்திரைக்கு அல்ல, அந்தப் பழைய முகத்துக்கு. அப்படி ஒளித்துக் கழிக்கும் மாதங்களில்தான் நரம்பு கெட்டு, பயந்த முகமே வந்து சேருகிறது. தேமல் நிலையிலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனால் மருந்து இலவசம். புருவம் உதிராது, மூக்கு சரியாது, இமை மூடும்.