அணைக்க முடியாத தீ

பட்டாசு மருந்தில் பிடித்த தீயை மூடி அணைக்க முடியாது. விறகும் துணியும் எரியக் காற்றிலுள்ள ஆக்சிஜன் வேண்டும். ஈரச்சாக்கைப் போட்டால் அடங்கிவிடும். மருந்துக்கு அந்தக் காற்றே தேவையில்லை. அதில் கலந்திருக்கும் வெடியுப்பு ஆக்சிஜனைக் கொடுக்க, கந்தகமும் கரித்தூளும் அலுமினியப் பொடியும் எரிகின்றன. மணலைக் கொட்டினாலும் உள்ளுக்குள் எரியும். அலுமினியம் கலந்த மருந்து எரியும்போது தண்ணீரை ஊற்றினால் தீ இன்னும் சீறும். சிவகாசி, சாத்தூர் வட்டாரத்துப் பட்டாசு ஆலைகளில் சொல்லித்தர வேண்டிய பாடம் இதிலிருந்துதான் தொடங்குகிறது. பொறி பிறக்கவே விடக்கூடாது. பிறந்துவிட்டால் ஓடிவிட வேண்டும்.

ஆலையின் அமைப்பே இதற்காக வகுக்கப்பட்டது. பட்டாசு ஆலையில் பெரிய கூடம் கிடையாது. ஒன்றுக்கொன்று இடைவெளி விட்ட சிறு அறைகள்தாம் இருக்கும். ஓர் அறையில் 4 பேருக்கு மேல் உட்காரக்கூடாது. மருந்து கலக்கும் அறையில் அதைவிடக் குறைவு. கதவுகள் வெளிப்பக்கமாகத் திறக்க வேண்டும். வழியில் பெட்டியோ சாக்கோ கிடக்கக்கூடாது. ஓர் அறை போனாலும் பக்கத்து அறை தப்ப வேண்டும் என்பதுதான் கணக்கு. நால்வர் இருக்க வேண்டிய இடத்தில் எட்டுப் பேரை உட்கார வைத்து, இரண்டு அறைக்கு நடுவே தகரக் கொட்டகை போட்டால் அந்தக் கணக்கு முழுவதும் பொய்த்துவிடும்.

பொறி பல வழிகளில் பிறக்கிறது. எல்லோருக்கும் தெரிந்தது உராய்வு. அதனால்தான் மருந்து அறைக்குள் இரும்புக் கரண்டி, இரும்புச் சல்லடை கூடாது. மரமும் பித்தளையும் மட்டுமே. கந்தகத்தோடு குளோரேட் உப்பைச் சேர்த்தால் லேசான உரசலே போதும், தீப்பற்றும். அந்தக் கலவையை மத்திய அரசு 1992இல் தடை செய்தது.

இரண்டாவது, கண்ணுக்குத் தெரியாத நிலைமின்சாரம். சிவகாசியில் பட்டாசுத் தொழில் வளர்ந்ததற்கு வறண்ட வெயில் ஒரு காரணம் என்பார்கள். காய வைக்க அது நல்லது. அதே வறட்சியில்தான் உடம்பில் நிலைமின்சாரம் சேர்கிறது. நைலான் சேலை உரசினாலும் பிளாஸ்டிக் வாளியை இழுத்தாலும் அது ஏறும். ஏறக்குறைய 3,000 வோல்ட்டைத் தொடும்வரை மனிதருக்கு அது உறைக்காது. நுண்ணிய அலுமினிய மருந்துக்கோ மிகச் சிறிய பொறியே போதும். இதற்கான தற்காப்பு எளியது. வாசலில் மண்ணோடு இணைத்த செம்புத் தகடு ஒன்று பதித்திருக்கும். உள்ளே போகும் ஒவ்வொரு முறையும் அதில் உள்ளங்கையை வைக்க வேண்டும். சேர்ந்த மின்சாரம் மண்ணுக்குள் இறங்கிவிடும். பருத்தி உடுத்தி, செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார வேண்டும். தண்ணீர் குடிக்க எழுந்து போய்த் திரும்பும் பெண், பத்தாவது தடவையும் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உட்காருகிறாரா என்பதில்தான் பயிற்சியின் தரம் தெரியும்.

மூன்றாவது ஈரம். வெளியாட்கள் நம்பவே மாட்டார்கள். ஈரம் பட்டால் மருந்து நமத்துப்போகும் என்றுதான் நினைப்பார்கள். அலுமினியமும் நைட்ரேட் உப்பும் கலந்த மருந்தில் ஈரம் சேர்ந்தால் வேதிவினை தொடங்கி, மெல்ல மெல்லச் சூடேறும். அமோனியாவின் கார நெடி மூக்கில் ஏறும். சூடு வெளியேற வழியில்லாத குவியல் தானே பற்றிக்கொள்ளும். கலவையில் போரிக் அமிலம் சேர்ப்பது இந்த வினையைத் தடுக்கத்தான். கலந்த மருந்தை அன்றன்றைக்கே தீர்க்க வேண்டும், மிச்சத்தை ராத்திரி வைக்கக்கூடாது என்ற கட்டுப்பாட்டுக்கும் இதுவே காரணம். காலையில் பூட்டைத் திறக்கும் நேரத்தில் நடக்கும் விபத்துகளைக் கேள்விப்படும்போது முதலில் கேட்க வேண்டியது, முந்தின நாள் மிச்சம் உள்ளே இருந்ததா என்பதைத்தான்.

போபால் விஷவாயுத் துயரத்துக்குப் பிறகு, 1987இல் தொழிற்சாலைகள் சட்டத்தில் 111ஏ என்ற பிரிவு சேர்ந்தது. தன் வேலையிலுள்ள ஆபத்தைப் பற்றி நிர்வாகத்திடம் தகவல் கேட்கவும், பயிற்சி பெறவும், ஆய்வாளரிடம் முறையிடவும் தொழிலாளிக்கு அது உரிமை தந்தது. பயிற்சிக்குப் பொறுப்பு போர்மேனுடையது. ஒரு மணி நேரம் படம் காட்டி, கையெழுத்து வாங்கி அனுப்புவது பயிற்சி ஆகாது. வெறும் மணலை வைத்துச் சலிக்கவும் அள்ளவும் பழக்க வேண்டும். மணியடித்ததும் கையிலிருப்பதைப் போட்டுவிட்டு எந்த வாசல் வழியாக ஓடுவது என்று மாதம் ஒருமுறையாவது ஓடிப் பார்க்க வேண்டும். கையும் காலும் தானாகச் செய்தால்தான் அது பாடம்.

அப்படிப் பழகியவர்களையும் கூலிமுறை தோற்கடிக்கிறது. எண்ணிக்கைக்குக் கூலி என்றால் தகட்டைத் தொடும் நேரம்கூட நஷ்டமாகத் தெரியும். தீபாவளி நெருங்க நெருங்க ஆளும் கூடும், மருந்தும் கூடும், அறை மட்டும் அதே அறைதான். இட நெருக்கடியில் வேலை மரத்தடிக்கு நகரும். உரிமம் ஒருவர் பெயரில் இருக்க, அறைகளை உள்குத்தகைக்கு எடுத்தவர்கள் தனித்தனியாக வேலை வாங்குவதும் நடக்கிறது. அங்கே யார் போர்மேன், யார் பொறுப்பு என்று கேட்டால் பதில் இருக்காது. விபத்துக்குப் பின் தொழிலாளியின் ‘கவனக்குறைவு’ என்று எழுதி முடிப்பது அநியாயம். நாலு பேர் அறையில் எட்டுப் பேரை வைத்தது அந்தத் தொழிலாளி அல்ல.

தீக்காயம் பட்டவருக்கு முதல் உதவி, ஓடுகிற குளிர்ந்த நீர். 20 நிமிடம் வரை விட வேண்டும். மையோ மாவோ பற்பசையோ தடவக்கூடாது. ஒட்டிக்கொண்ட துணியைப் பிய்க்கக்கூடாது. சுத்தமான துணியால் தளர்வாக மூடி மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

2012 செப்டம்பர் 5 அன்று சிவகாசி அருகே முதலிப்பட்டியில் நடந்த வெடிவிபத்தில் ஏறக்குறைய 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் அந்த ஆலைத் தொழிலாளர்கள் அல்லர். முதல் சத்தம் கேட்டு உதவவும் பார்க்கவும் ஓடிவந்த அக்கம்பக்கத்து ஊர்க்காரர்கள். மருந்திருக்கும் இடத்தில் முதல் வெடி கடைசி வெடி அல்ல என்று அவர்களுக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை. ஆலையைச் சுற்றியுள்ள ஊர்களிலும் பள்ளிக்கூடங்களிலும் இதைச் சொல்லித்தர வேண்டும்: புகை தெரிந்தால் அந்தப் பக்கம் போகாதீர்கள், தீயணைப்பு வண்டிக்கு வழிவிட்டு விலகி நில்லுங்கள்.