மகிழ்ச்சியும் ஒரு முதல்தான்

வியாபாரத்திற்குப் பணம் வேண்டும், சரக்கு வேண்டும், நாணயம் வேண்டும் என்பதை வணிகர்களாகிய நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. ஆனால் மனமகிழ்ச்சியும் ஒரு முதல் என்பதை நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்க்கிறோம்? "லாபம் வந்தால் மகிழ்ச்சி தானாக வரும்" என்பதே பலரது எண்ணம். மகிழ்ச்சி இருந்தால்தான் மூளை தொழிலுக்கு முழுமையாக ஒத்துழைக்கும் என்கிறார்கள் மனநூல் அறிஞர்கள். அவர்கள் கண்டதை நம் கடையோடு பொருத்திப் பார்ப்போம்.

நட்டம் ஏன் நெஞ்சில் நிற்கிறது?

ஒரு நாளில் நூறு பேருக்குச் சரக்குப் போடுகிறோம். தொண்ணூற்றொன்பது பேர் மனநிறைவோடு போகிறார்கள். ஒருவர் மட்டும் "எடை குறைகிறது" என்று சத்தம் போட்டுவிட்டுப் போகிறார். இரவு படுக்கையில் நினைவுக்கு வருபவர் அந்த ஒருவர்தான். இது நம் குணக்கேடு அன்று. மனித மனத்தின் அமைப்பே அப்படித்தான். டேனியல் கானமன், ஆமோஸ் ட்வெர்ஸ்கி என்ற இரு அறிஞர்கள் 1979-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு தொகை கிடைப்பதால் வரும் மகிழ்ச்சியை விட அதே தொகையை இழப்பதால் வரும் வருத்தம் பெரிது என்று எடுத்துக் காட்டினர். அது ஏறத்தாழ இரு மடங்கு என்று பின்னர் கணக்கிட்டனர். ஆயிரம் ரூபாய் லாபமும் ஆயிரம் ரூபாய் நட்டமும் பேரேட்டில் நேராகிவிடும், மனத்தில் நேராவதில்லை. ஆகவே நல்லதை நாமாகத்தான் வரவு வைக்க வேண்டும்.

மனம் விரிந்தால் வழி தெரியும்

பயமும் கோபமும் வேண்டாதவை அல்ல. கிடங்கில் தீப்பொறி கண்டால் பயம்தான் நம்மை ஓடி அணைக்க வைக்கிறது. ஆனால் அந்நேரம் மனம் ஒரே புள்ளியில் குவிந்துவிடும். மகிழ்ச்சியோ மனத்தை விரிக்கிறது; அப்படி விரிந்த மனம் நட்பு, அறிவு, தைரியம் ஆகியவற்றைச் சேர்த்து வைக்கிறது. அமெரிக்கப் பேராசிரியை பார்பரா ஃபிரெட்ரிக்சன் 1998-இல் எடுத்துரைத்த கருத்து இது.

இதற்கு முன்பே 1987-இல் ஆலிஸ் ஐசன் என்ற அறிஞர் குழுவினர் ஒரு சோதனை வெளியிட்டனர். மெழுகுவர்த்தி, தீப்பெட்டி, ஒரு பெட்டி நிறையக் குண்டூசி ஆகியவற்றைக் கொடுத்து, மெழுகு கீழே சொட்டாமல் வர்த்தியைச் சுவரில் நிறுத்தச் சொன்னார்கள். பெட்டியைக் காலி செய்து சுவரில் குத்தி, அதன் மேல் வர்த்தியை வைப்பதே வழி. முன்னதாகச் சிரிப்புப் படம் பார்த்தவர்களே மற்றவர்களை விட மிக அதிகமாக அந்த வழியைக் கண்டார்கள்.

நம் கடையில் உளுந்து மூட்டை தேங்கிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். கலங்கிய மனத்திற்கு விலையைக் குறைத்துத் தள்ளுவது ஒன்றே தெரியும். தெளிந்த மனத்திற்கு இட்லி மாவு விற்பவர், உணவு விடுதிக்காரர், மாற்றிக்கொள்ளத் தயாராக உள்ள அடுத்த மண்டிக்காரர் ஆகியோர் நினைவுக்கு வருவார்கள்.

சிரிப்பில் கலப்படம் வேண்டாம்

வாடிக்கையாளரைச் சிரித்த முகத்துடன் வரவேற்க வேண்டும் என்பது உண்மை. ஆனால் உள்ளே புகைந்துகொண்டு வெளியே சிரிப்பது ஒரு பாரம். சமூகவியல் அறிஞர் ஆர்லி ஹாக்சில்ட் 1983-இல் விமானப் பணிப்பெண்களை ஆராய்ந்து எழுதிய நூலில், சம்பளத்திற்காக முகத்தைச் சிரிக்க வைப்பதும் ஓர் உழைப்பே என்று விளக்கினார். பகலெல்லாம் அப்படி உழைத்துவிட்டு, மிச்சமிருக்கும் கடுகடுப்பை வீட்டில் இறக்கி வைத்தால் மனைவி மக்கள் என்ன செய்வார்கள்? கடைப் பையன்களின் முகமும் கல்லாவில் இருப்பவர் முகத்தைப் பார்த்தே மலரும், வாடும். ஐந்து நிமிடம் எழுந்து நடந்து, ஒரு நண்பரிடம் பேசி, மனத்தை இலேசாக்கிக்கொண்டு அடுத்த வாடிக்கையாளரைக் கவனிப்பதே மேல்.

இரவுக் கணக்கில் மூன்று வரி

செலவில்லாத ஒரு பயிற்சி உண்டு. மார்ட்டின் செலிக்மன் குழுவினர் 2005-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் இரவுதோறும் அன்று நடந்த மூன்று நல்லவற்றையும் அவற்றின் காரணத்தையும் எழுதியவர்களுக்கு, ஆறு மாதம் கழித்தும் பலன் இருந்தது. நாமும் கல்லா எண்ணி முடித்ததும் சிட்டையின் பின்புறம் எழுதலாம். "பழைய பாக்கி வசூலானது, நாம் பொறுமையாகக் கேட்டோம்" என்ற அளவு போதும்.

எடை பார்த்து வாங்குங்கள்

மகிழ்ச்சியை விற்பவர்களும் இன்று பெருகிவிட்டார்கள். ஒரு கெட்ட உணர்வுக்கு மூன்று நல்ல உணர்வு இருந்தால் வாழ்வு செழிக்கும் என்று 2005-இல் ஒரு கணக்குச் சொன்னார்கள். அதன் கணிதம் தவறென்று 2013-இல் வெளிப்பட்டது. அதைச் சொன்னவர்களில் மேலே கண்ட ஃபிரெட்ரிக்சனும் ஒருவர். ஆகவே யார் சொன்னாலும் தராசில் வைத்துப் பார்த்தே ஏற்க வேண்டும்.

மகிழ்ச்சி கடனை அடைக்காது. ஆனால் கடனை அடைக்கும் வழியை யோசிக்க அது வேண்டும். நெருக்கடியில் இருப்பவர்கள் கடைக்குள்ளேயே தனித்துக் குமைய வேண்டாம். வீட்டாரிடமும் சக வணிகரிடமும் மனம் விட்டுப் பேசுங்கள். வாரக்கணக்கில் தூக்கமும் பசியும் இல்லையென்றால் மருத்துவரைப் பாருங்கள். போன சரக்கைத் திரும்பக் கொள்முதல் செய்யலாம்; போன உயிரை முடியாது. வணிகப் பெருமக்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டுகிறோம்.